பிழைக் கொப்பி

மலாக்காவில், காஜா பெராங் தெருவில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு எதிரே ஒரு மலாய்க்காரர் இருக்கிறார். காலை ஏழு மணிக்கு நான் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினால், சைக்கிளைத் துடைத்துக்கொண்டே தலையை நிமிர்த்தி, "பெர்கி மானா?" என்பார். எங்கே போகிறாய் என்று அர்த்தம். வெளியே கிளம்புகிற மனிதனைப் பார்த்து எங்கே என்று கேட்கலாமா? திருநெல்வேலிப் பக்கத்தில் அப்படிக் கேட்டவனைச் சும்மா விடமாட்டார்கள். போன காரியம் கெட்டால் பழி அவன் தலையில்தான் விழும். நான் கிறிஸ்தவன். சகுனம் பார்ப்பதில்லை, பார்க்கக் கூடாதென்று பன்னிரண்டு வருஷம் கிராமத்துச் சபையில் உபதேசியாராக இருந்து பிரசங்கமும் செய்தவன். ஆனாலும் இந்த ஊருக்கு வந்த புதிதில், யாராவது இப்படிக் கேட்டுவிட்டால், ஏதோ மறந்துவிட்டவன் போல் உள்ளே திரும்பிப்போய் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி இறங்குவேன். மறுபடியும் கேட்பார்கள். சில நாள் மூன்று டம்ளர் ஆகிவிடும். அது கேள்வியே இல்லை, வெறும் வணக்கம்தான் என்பது தெரிய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. இப்போதெல்லாம் "ஜாலான்-ஜாலான்", அதாவது சும்மா ஒரு நடை, என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறேன்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன வாரம் பாக்கியநாதன் தன் நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். எங்கள் வெளிநாட்டு மாணவர் விடுதிக்கு ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கும் ஊழியர். பெட்டி நிறைய நற்சான்றிதழ்களோடும் துண்டுப் பிரதிகளோடும் வந்திறங்கியவர். ஒரு மாதம் ஆயிற்று. செய்த தவறுகளைத் தினமும் எழுதிவைக்கச் சொல்லி நாங்கள் கொடுத்திருந்த நோட்டு அது. தேதி வாரியாக, முத்து முத்தான கையெழுத்தில், "தவறு: இல்லை. தவறு: இல்லை. தவறு: இல்லை. ஞாயிறு: விடுமுறை" என்று எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஏனென்றால் மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிக் கொடுத்த நோட்டும் அச்சாக இதேதான்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்த மறு வருஷம் நான் கப்பலேறினேன். அதுவரை இந்த விடுதியை நடத்திய வெள்ளைக்காரத் துரை சாவியை உள்ளூர்க் கமிட்டியிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். சரவாக்கிலிருந்தும் பர்மாவிலிருந்தும் சுமத்ராவிலிருந்தும் ஆசிரியப் பயிற்சிக்கும் தாதிப் பயிற்சிக்கும் மலாக்காவுக்கு வரும் பிள்ளைகள் தங்குகிற இடம் இது. அவர்கள் மத்தியில் ஊழியம் செய்ய ஆள் வேண்டும் என்று எங்கள் சபைக்குக் கடிதம் வந்தது. ஆறு மாதம் பழகுநர், தேறினால் நிரந்தரம். நிரந்தரம் என்று கமிட்டி கையெழுத்துப் போட்ட கடிதம் இருந்தால்தான் என் மனைவி பொன்மணிக்கும் மகள் சுகந்திக்கும் இங்கே வர பெர்மிட் கிடைக்கும். அதுவும் சட்டம் இறுகப் போகிறது, இனிமேல் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூப்பிட முடியாது என்று கடைத்தெரு முழுக்கப் பேச்சு. பொன்மணி எழுதும் ஒவ்வொரு கடிதமும் ஒரே வரியில்தான் முடியும்: "எங்கள வரச் சொல்லுதியளா, இல்ல நீங்க வாறியளா?"

வந்த முதல் வாரமே நான் யாரென்று காட்டிவிட்டேன். எங்கள் கிராமத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு உபதேசியார் கோவில் மணி அடிப்பார். ஊரே எழுந்து ஜெபத்துக்கு வரும். விடுதி மாடிப்படிக்குக் கீழே ஒரு மணி தொங்குவதைப் பார்த்தேன். விடிந்ததும் அதைப் பிடித்து என் பலம் கொண்ட மட்டும் அடித்தேன். அது தீப்பிடித்தால் அடிக்கிற மணி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நாற்பது பேர் போர்வையோடு முற்றத்தில் வந்து நின்றார்கள். சரவாக்கிலிருந்து வந்த லங்கி என்ற பையன் தகரப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை ஓடிவிட்டான். சரி, எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டு நான் பாட்டைத் தொடங்கினேன்.

எனக்குப் பயிற்சி கொடுத்தவர் மிஸ் நேசம்மா. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குச் சிரம்பானில் பிறந்தவர். என்னைவிட ஏழு வயது இளையவர், முக்கால் அடி உயரம் குறைந்தவர். ஆனால் எனக்கு அவர் எதிரில் உட்கார்ந்தால் கால் தானாகச் சேர்ந்துகொள்ளும். மணி அடித்த அன்று காலையில் என்னைக் கூப்பிட்டு விட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. இரண்டு பொருளை நீட்டினார்: ஒரு விலாசம் எழுதின துண்டுக் காகிதம், ஒரு நோட்டு. நோட்டு என்று நாம் சொல்வதை அவர்கள் கொப்பி என்பார்கள்.

"மிஸ்டர் ஆசீர்வாதம், நீங்கள் நாளையிலயிருந்து விடுதியில இருக்க வேண்டாம். நடராஜா பிள்ளை எண்டு ஒராள், இந்தத் தெருவில்தான் வீடு. அங்க போய் விருந்தாளியா இருங்கோ. பகலில இஞ்ச வந்து வேலையைப் பாருங்கோ."

"எவ்வளவு நாளைக்கு மிஸ்?"

"உங்கட ஆறு மாசம் முடியுமட்டும். அங்க நீங்கள் விடுற பிழையெல்லாம் இந்தக் கொப்பியில எழுத வேணும். சனிக்கிழமையில நான் பாப்பன். இன்னுமொண்டு. ஒரு மாணவன் தானா வந்து உங்களோட இருந்து கதைக்குமட்டும் ஒருத்தருக்கும் உபதேசம் பண்ணப்படாது."

நடராஜா பிள்ளை என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. நம் ஆள்! மறுநாள் பெட்டியோடு போனேன். வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே பிள்ளையார் படம். நெற்றியில் திருநீறோடு ஒருவர் எழுந்து வந்தார். "வணக்கம் ஐயா, சௌக்கியமா இருக்கியளா? நான்தான் ஆசீர்வாதம், திருநெல்வேலிப் பக்கம்" என்று அவர் கையைப் பிடித்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி மனைவியை மலாயில் உதவிக்குக் கூப்பிட்டார். மனைவி மீனாட்சியம்மாள் மலாய்ப் பெண்கள் உடுத்தும் சாரோங்கும் கெபாயாச் சட்டையுமாக வந்து, அவரும் மலாயிலேயே என்னை வரவேற்றார். இவர்கள் மலாக்கா செட்டிகள். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வியாபாரத்துக்கு வந்து இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்ட தமிழர்களின் வம்சம். சாமி மிச்சம், பெயர் மிச்சம், திருநீறு மிச்சம். பாஷை மட்டும் மலாய். அன்று சாயங்காலமே மிஸ் நேசம்மாவிடம் ஓடினேன்.

"மிஸ், அவிய இந்துக்கள். தமிழும் தெரியாது. நான் அங்க இருந்து என்னத்தப் படிக்க?"

"இந்தப் பிள்ளையள் எங்களிட்ட வரேக்க அவைக்கு எங்கட பாஷையும் இல்லை, எங்கட பழக்கமும் இல்லை, கன பேருக்கு எங்கட சாமியும் இல்லை. அது எப்பிடி இருக்குமெண்டு நீங்கள் முதல்ல இருந்து பாக்க வேணும். அவ்வளவுதான்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஊரில் உபதேசியார் ஒரு வீட்டுக்குப் போனால் அந்த வீட்டு நடப்பே வேறு. கூடத்தில் தனியாக இலை போடுவார்கள். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை வீட்டுக்காரர்கள் எதிரில் உட்கார மாட்டார்கள். பெண்கள் உள்ளே போய்விடுவார்கள். அவர் ஜெபித்து, சாப்பிட்டு, ஆசீர்வதித்து எழுந்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சாப்பாடு. இங்கே நடராஜா பிள்ளை வீட்டில் சட்டியும் பானையும் மேசைக்கு வந்துவிடும். அவரவர் அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும். அவருடைய சின்ன மகள் எனக்கு முன்னால் மீன் தலையை எடுத்துக்கொள்வாள். பெலாச்சான் என்று ஒரு இறால் விழுது. அதன் வாசனைக்கு எங்கள் ஊர்க் கருவாட்டுச் சந்தையே தோற்றுப்போகும். அதை எனக்கு நேராகத்தான் வைப்பார்கள். நான் வாயைத் திறந்து ஒரு குறை சொன்னதில்லை. ஆனால் என் அருமை தெரியாத வீட்டில் வந்து மாட்டிக்கொண்டேனே என்று மனதுக்குள் ஒரு புகைச்சல் இருந்துகொண்டே இருந்தது.

அந்தப் புகைச்சலோடு எழுதினால் கொப்பியில் பிழை எப்படி வரும்? முதல் மாதம் முழுவதும் "இல்லை" என்றே எழுதினேன். மிஸ் நேசம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படிப்பார். இரண்டாம் மாதம் அவருக்காகச் சில பிழைகளைத் தயார் செய்தேன். "மீனாட்சியம்மாள் காரத்தை அதிகம் போட்டதைப் பொறுத்துக்கொள்ளத் தாமதித்தேன்." "நடராஜா பிள்ளை வானொலியைச் சத்தமாக வைத்தபோது என் முகம் சிறிது சுருங்கியது."

"இதெல்லாம் மற்ற ஆக்கள் விட்ட பிழை, மிஸ்டர் ஆசீர்வாதம்" என்றார் அவர். "உங்கட பிழை எங்க?"

மார்கழி முடிகிற நேரத்தில் என்னை உட்காரவைத்து வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். கமிட்டி தை மாதக் கடைசியில் கூடுகிறது. நாலரை மாதத்தில் ஒரு மாணவனாவது தானாக வந்து என்னோடு பேசியிருக்கிறானா? இல்லை. நான் போனால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். லங்கி சாப்பாட்டு அறைக்கே வருவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறான். அவனைப் பற்றி நான் கொடுத்த குறிப்பில் ஒரே வார்த்தைதான் இருந்தது: "அநாகரிகம்". இந்த நிலையில் நிரந்தரத்துக்குச் சிபாரிசு செய்யத் தன்னால் முடியாது என்றார். அன்று ராத்திரி பொன்மணியின் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து, "இங்கே மழை அதிகம்" என்று மட்டும் எழுதினேன்.

இனிமேல் சொல்லப்போவதை ஊரில் வாசிக்கிறவர்கள், குறிப்பாக எங்கள் குருவானவர், பதறாமல் கடைசி வரை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பொங்கலுக்கு முந்திய நாள். காலையிலிருந்து வீட்டில் ஒரே சமையல். மீனாட்சியம்மாள் நாலு விரலைக் காட்டி நாலு மணிக்குச் சாப்பாடு என்றார். நான் விடுதிக்குப் போய், வேலை ஓடாமல், மத்தியானம் சாப்பிடாமலேயே மூன்று மணிக்குத் திரும்பிவிட்டேன். கூடத்து வாசலில் வழக்கமில்லாமல் திரை தொங்கியது. விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். ஒரு ஈ காக்கை இல்லை. நடுவில் புதுப்பாய். பாய் முன்னால் தலைவாழை இலை. அதில் சோறு, கோழிக் குழம்பு, வறுத்த மீன், மிளகாய்ச் சம்பால், ஐந்து வகைப் பலகாரம். பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் கறுப்பாக ஏதோ பானம். ஒரு தட்டில் சுருட்டு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கடைசியில் என் அருமை தெரிந்துவிட்டது! தனி இலை. எதிரில் ஒருவரும் இல்லை. பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். யாரோ திருநெல்வேலிக்காரன் சொல்லிக்கொடுத்திருக்கிறான், உபதேசியாரை எப்படி உபசரிக்க வேண்டும் என்று. சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது உண்மைதான். ஆனால் அந்த வீட்டில் கொசுவுக்குத் தினமும் புகைப்பார்கள். படையல் என்றால் எனக்குத் தெரியாதா என்ன? தேங்காய் உடைத்திருக்கும், சூடம் எரியும். கோழிக் குழம்பும் சுருட்டும் வைத்த படையலை நான் என் ஊரில் கண்டதில்லை. இவ்வளவும் அப்புறம் யோசித்துச் சொல்கிற சமாதானம். அப்போது எனக்கு இருந்தது பசியும் பெருமையும்தான்.

சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கண்ணை மூடி அந்த வீட்டாருக்காக நீளமாக ஜெபித்தேன். பிறகு சாப்பிட்டேன். நாலரை மாதத்தில் இப்படிச் சாப்பிட்டதில்லை. கறுப்புப் பானம் கசந்தது. கனத்த சாப்பாட்டுக்கு ஏற்ற கஷாயம் போலும் என்று ஒரே மூச்சில் குடித்துவிட்டேன். சுருட்டைத் தொடவில்லை, நான் புகைப்பதில்லை என்பது இவர்களுக்குத் தெரியாதே பாவம் என்று நினைத்தேன். இலையை என் பக்கமாக மடித்துவிட்டு நிமிர்ந்தபோது திரை விலகியது. நடராஜா பிள்ளை, மீனாட்சியம்மாள், அவருடைய நாத்தனார் மூவரும் வாசலில் நின்றார்கள்.

மீனாட்சியம்மாளின் கண் இலையின் மேல் நிலைத்தது. முகம் போன போக்கைப் பார்த்து, இலையைத் தவறாக மடித்துவிட்டேன் என்று நினைத்தேன். நம் ஊரில் விசேஷ வீட்டில் நம் பக்கமாக மடிப்போம். துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாக. இவர்களுக்கு மாறுதலாக இருக்கும் போலும். அவசரமாக இலையை விரித்து எதிர்ப்பக்கமாக மடித்தேன். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டார்.

நடராஜா பிள்ளை மெதுவாக, "இத்து பாப்பாக் பூன்யா" என்றார். அது அப்பாவுடையது என்று சொல்கிறார். அந்த அளவு மலாய் எனக்கு வந்திருந்தது. அடடா, வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கிறார், இத்தனை மாதம் நான் பார்க்காமல் இருந்துவிட்டேனே என்று வெட்கப்பட்டேன். "பாப்பாக் மானா? பாங்கில், பாங்கில்! மாக்கான் சாமா-சாமா!" என்றேன். அப்பா எங்கே, கூப்பிடுங்கள், சேர்ந்து சாப்பிடலாம் என்று அர்த்தம். அவர் என் தலைக்கு மேலே சுவரைக் காட்டினார். திரும்பிப் பார்த்தேன். மாலை போட்ட போட்டோவில் ஒரு பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செட்டிகள் பொங்கலுக்கு முதல்நாள் இறந்துபோனவர்களுக்குப் படைப்பார்கள். அவரவருக்குப் பிடித்ததை இலையில் வைத்து, திரையை இழுத்துவிட்டு, வீட்டார் கொல்லைப்புறம் போய்விடுவார்கள், பெரியவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று. அந்த நேரத்தில்தான் நான் உள்ளே போயிருக்கிறேன். கறுப்புப் பானம் ஸ்டவுட் என்கிற பீர். ஆயுளில் கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன் நான்.

வெளியே போய்ச் சாக்கடைப் பாலத்தின் மேல் உட்கார்ந்தேன். படைத்ததைத் தின்னக் கூடாது என்று எத்தனை ஞாயிறு மேசையைத் தட்டிப் பேசியிருக்கிறேன்! சொந்தத் தங்கை கல்யாணம் முடிந்து புகுந்த வீட்டில் படையல் சோறு தின்றாள் என்பதற்காக அவளோடு ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசாத குடும்பம் எங்களுடையது. ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அன்று என்னை அறுத்தது அது இல்லை. செத்தவர்கள் வந்து சாப்பிடுவார்கள் என்பதில் எனக்குக் கடுகளவும் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும், வருஷத்துக்கு ஒருநாள் சாப்பாட்டுக்குக் காத்திருந்த ஒரு பெரிய மனிதரின் சோற்றை நான் பறித்துத் தின்றுவிட்டேன் என்றுதான் தோன்றியது. இந்த வீட்டிலிருந்து வெளியே தள்ளுவார்கள், மிஸ் நேசம்மாவுக்குத் தெரியும், கமிட்டி கப்பல் டிக்கெட்டை நீட்டும், பொன்மணியிடம் போய் என்ன சொல்வேன் என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டது.

நடராஜா பிள்ளை வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே மறுபடி அடுப்பு மூட்டுகிற சத்தம் கேட்டது. நிலப்பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா அவர். கோபம் வந்தால்கூட ஒழுங்குப்படிதான் பேசுவார்.

"ஸ்டவுட் குடித்தீர்களா?" என்றார் மலாயில்.

"குடித்தேன்."

"முழுவதும்?"

"முழுவதும். மருந்து என்று நினைத்தேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துபோய்க் கையைப் பிடித்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிகிற அளவுக்குச் சிரித்துவிட்டு, "அப்பாவும் அம்மாவிடம் இதையேதான் சொல்வார், மருந்து என்று" என்றார். பிறகு எழுந்து நின்று ஒழுங்கான குமாஸ்தாவாகிவிட்டார். மீனாட்சி மறுபடி சமைக்கிறாள். வெயில் தாழ்வதற்குள் இரண்டாவது இலை போட வேண்டும். கோழி பக்கத்து வீட்டில் வாங்கியாயிற்று. ஸ்டவுட் மட்டும் இல்லை. சீனன் கடையில் கிடைக்கும். குடித்தவர்தான் வாங்கி வர வேண்டும்.

வெள்ளைக் கோட்டு, கழுத்துவரை பொத்தான், கையில் குடை. இந்தக் கோலத்தில் நான் சீனன் கடையில் ஸ்டவுட் கேட்டேன். கடைக்காரர் குளிரவைத்ததா, வைக்காததா என்று கேட்டார். அதில்கூட இரண்டு வகை இருக்கிறதா என்று விழித்து, இரண்டு வகையிலும் ஒன்று வாங்கினேன். ஒரு போத்தலைக் கோட்டுக்குள்ளும் இன்னொன்றை மடக்கிய குடைக்குள்ளும் மறைத்துக்கொண்டு நடந்தேன். விடுதி வாசலைத் தாண்டும்போது குடைப் போத்தல் நழுவிப் புல்லில் விழுந்து உருண்டது. மாடிப்படியில் தட்டோடு உட்கார்ந்திருந்த லங்கி அதைப் பார்த்தான். புக்கிட் ரம்பாய் பக்கம் எஸ்டேட்டுக்குப் போய்விட்டுச் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்த மிஸ் நேசம்மாவும் பார்த்தார். சைக்கிளைவிட்டு இறங்கினார். போத்தலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோட்டு புடைத்திருந்த இடத்தையும் பார்த்தார்.

"என்ன மிஸ்டர் ஆசீர்வாதம், என்ன இது?"

ஆயிரம் பதில் யோசித்தேன். கடைசியில், "பிழை, மிஸ்" என்றேன்.

அவர் முகம் முதல்முறையாக மலர்ந்ததைப் பார்த்தேன். "கொப்பியில எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

இரண்டாவது இலை வெயில் தாழ்வதற்குள் போடப்பட்டது. அன்றைக்கு நான் திரைக்கு வெகுதூரத்தில், தெருவிலேயே நின்றுகொண்டேன்.

மறுநாள் காலையில் விடுதி அலுவலறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். கதவை யாரோ தட்டினார்கள். லங்கி. நாலரை மாதத்தில் தானாக வந்த முதல் மாணவன். எதிரில் வந்து உட்கார்ந்தான். பிறகு கேட்டான்: "சார், அந்த பீர் உங்களுக்கா?"

மாணவன் தானாக வந்து கேட்கும் முதல் கேள்வி எப்படி இருக்கும், நித்திய ஜீவனைப் பற்றியா, பாவத்தைப் பற்றியா என்று நான் ஆசையோடு காத்திருந்தது உண்டு. இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் மலாயிலும் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். இலையை மாற்றி மடித்த இடத்தில் அவன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழப்பார்த்தான். சிரித்து ஓய்ந்த பிறகு அவனே பேசினான். அவனுடைய ஊரில் ஒருவர் உணவு கொடுத்து அதைச் சாப்பிட முடியாமல் போனால், விரலாலாவது தொட்டுவிட வேண்டுமாம். தொடாமல் போனால் வழியில் கெடுதல் வரும், கொடுத்தவருக்கும் அவமரியாதை. இந்த விடுதிக்கு வந்த முதல்நாள் மேசை நிறையத் தட்டுகள். எல்லாவற்றையும் தின்ன முடியாது. மரியாதையாக ஒவ்வொரு தட்டிலும் விரலால் தொட்டுக்கொண்டே போயிருக்கிறான். மேசையில் எல்லோரும் கத்திவிட்டார்கள். அன்றிலிருந்துதான் மாடிப்படி.

"அநாகரிகம்" என்று நான் எழுதிய குறிப்பு என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. அவன் எதிரிலேயே எடுத்துக் கிழித்தேன். "நாளை மத்தியானம் என்னோடு வந்து உட்கார். நீ தொடு. நீ தொட்டதை நான் சாப்பிடுகிறேன். இனி நான் எதையும் சாப்பிடலாம்" என்றேன். மறுநாள் வந்தான். அவன் தொட்ட மீன் குழம்பை நான் போட்டுக்கொண்டதைப் பார்த்த பர்மாக்காரப் பையன் என்ன விஷயம் என்று கேட்டான். அவனுக்கும் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு வாரத்துக்குள் விடுதி முழுவதும் என்னைக் கண்டால் வழியை மறித்து, "சார், இலைக் கதை" என்று உட்காரவைத்துவிடும். கதை முடிந்ததும் ஒவ்வொருவரும் தங்களுடைய கதையை எடுப்பார்கள். அழுதவர்களும் உண்டு. அப்புறம்தான் சிலர் வேறு கேள்விகளும் கேட்டார்கள், நான் கப்பலேறியது எதற்காகவோ அந்தக் கேள்விகளை.

கொப்பியில் பதினொரு பக்கம் எழுதியிருந்தேன். மிஸ் நேசம்மா சனிக்கிழமை அதை என் எதிரிலேயே படித்தார். எட்டாம் பக்கத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். கமிட்டி அறிக்கையின் நகல் எங்கள் சபைக்கும் போகும். அதில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். அவர் எழுதி அனுப்பியதை எனக்குக் காட்டினார். "இவர் உபசரிப்பை மறுக்காதவர். உணவில் வேற்றுமை பாராட்டுவதில்லை. உள்ளூர் மக்களின் குடும்ப விசேஷங்களில் முன்னின்று பங்கெடுக்கிறார்." ஒரு வார்த்தை பொய் இல்லை. குருவானவர் அதை ஆராதனையில் வாசித்து எனக்காக ஸ்தோத்திரம் சொன்னதாகப் பொன்மணி எழுதியிருந்தாள். நிரந்தரம் என்ற கடிதமும் பெர்மிட்டும் வந்து சேர்ந்தன. ஆடி மாதம் அவளும் சுகந்தியும் வந்திறங்கினார்கள்.

பாக்கியநாதனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவரை உஜோங் பாசிரில் ஒரு மீனவர் வீட்டில் தங்கவைத்திருக்கிறோம். அவருக்கென்று ஒரு பிழை அங்கே எங்காவது காத்துக்கொண்டுதான் இருக்கும். நான் செய்ததைச் சொன்னால் அதைச் செய்யாமல் இருக்க மட்டும்தான் கற்றுக்கொள்வார்.

பொன்மணி விஷயம் மட்டும் பாக்கி. எனக்கு நடந்ததை நான் கடிதத்தில் எழுதவில்லை. இறங்கிய பிறகு துறைமுகத்திலும் சொல்லவில்லை. ஒரு நாள் தைரியம் வந்து சொன்னேன். மூன்று நாள் எனக்குத் தனிப் பாத்திரம். நடராஜா பிள்ளை வீட்டுக்கு முதல்முறை போனபோது பிள்ளையார் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கொடுத்த காப்பியைத் தொடவில்லை. அப்புறம் எப்படியோ மீனாட்சியம்மாளுக்கும் இவளுக்கும் ஒட்டிக்கொண்டது. அவருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு மலாய் தெரியாது. அடுப்புக்கு முன்னால் நின்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "அது பொம்பளையள் பேச்சு" என்பாள்.

போன பொங்கலுக்கு முதல்நாள் எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். நாலு மணிக்கு, அதற்கு முன்னால் வேண்டாம் என்று நடராஜா பிள்ளை கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டி மூன்று தடவை சொன்னார். நாங்கள் நாலு அடித்த பிறகுதான் போனோம். ஆனால் அந்த வருஷம் சமையல் தாமதம். திரை இன்னும் இழுபடவில்லை. என்னைக் கண்டதும் நடராஜா பிள்ளை கூடத்துக்குள் கூப்பிட்டார். பெரியவருக்கு இலை, பக்கத்தில் ஸ்டவுட், சுருட்டு. அந்த இலைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன இலை. சோறு, கருவாட்டுக் குழம்பு, ஒரு கட்டி பனைவெல்லம், டம்ளரில் வெறும் தண்ணீர்.

"இனி பாப்பாக் ஆவாக் பூன்யா" என்றார். இது உங்கள் அப்பாவுக்கு. பிறகு, எனக்குப் புரியட்டும் என்று மெதுவாகச் சொன்னார்: அவருக்கு ஊரில் யாரும் வைக்கமாட்டார்களாமே. இங்கே உங்களைப் பார்க்க வந்தால் பசியோடுதானே திரும்பிப் போக வேண்டும்?

என் அப்பா நாற்பது வருஷம் உபதேசியாராக இருந்தவர். படையலுக்கு எதிராக அவர் பேசாத மேடை அந்த வட்டாரத்தில் இல்லை. அவர் பெயரில் ஓர் இலை! வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கருவாட்டுக் குழம்பும் வெல்லமும் அவருக்குப் பிடிக்கும் என்பது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்ற யோசனை வந்து வாய் அப்படியே நின்றுவிட்டது. பயத்தோடு பின்னால் திரும்பினேன். பொன்மணி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. நடராஜா பிள்ளைக்கும் எதுவோ புரிந்து, திரைக் கயிற்றில் வைத்த கையை எடுக்காமல் நின்றார்.

"ஏங்க, மாமாவுக்கு உப்பு கூட வேணும்லா" என்றாள் பொன்மணி. "இவிய குழம்புல உப்பே காணாது. அவுக எப்படிச் சாப்பிடுவாவ?"

விறுவிறுவென்று சமையற்கட்டுக்குள் போனாள். உள்ளங்கையில் உப்போடு வந்து, குனிந்து, இலையின் இடது ஓரத்தில் வைத்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வெளியே நடந்தாள். திரை விழுந்தது. கொல்லையில் மீனாட்சியம்மாளும் நாத்தனாரும் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள். எனக்கு உள்ளே போகவும் முடியாது, வீட்டுக்குத் திரும்பவும் மனம் இல்லை. அப்பா சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நாங்களும் அவர்களோடு வெளியே நின்றோம்.